அளவுக்கு மிஞ்சினால் ஆம்பியரும் நஞ்சு!

சென்ற ஆடி மாதம் ஒரு நாள் இரவு. எங்கள் வடுகபட்டியில் காற்று என்றால் காற்று, அப்படி ஒரு காற்று! கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், எங்கே மரக்கிளை ஒடியும், எந்தக் கம்பி அறுந்து விழும் என்று தெரியாது. அன்று மாலை 7 மணிக்குப் போன கரண்ட் வரவே இல்லை.

என் அக்கா வீட்டில்தான் நானும் இருக்கிறேன். பூண்டு வியாபாரம். பெரியகுளம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பூண்டுச் சந்தையைத் தெரியாத வியாபாரிகள் குறைவு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விற்பனைக்கு வருவதும் இங்கேதான். ஆகையால் வீட்டின் முன்அறை முழுக்கப் பூண்டு மூட்டை, கோணிப்பை, காய்ந்த பூண்டுச் சருகு. இதை ஏன் சொல்கிறேன் என்பது சற்று நேரத்தில் புரியும்.

அக்கா மகளுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங். எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று இன்டர்நெட்டில் வரிசைப்படுத்திக் கொடுக்க மறுநாள் மாலை வரைதான் நேரம். லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிறது. ஆனால் மோடம் ஓட வேண்டுமே? "மாமா, ஏதாவது பண்ணுங்க" என்றாள்.

வீட்டு இன்வெர்ட்டர் பழுதாகிக் கிடந்தது. அதன் 12 வோல்ட் பேட்டரி மட்டும் நன்றாக இருந்தது. மோடமின் அடாப்டரில் '9 வோல்ட், 0.6 ஆம்பியர்' என்று போட்டிருந்தது. என்னிடம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய சின்ன 'ஸ்டெப் டவுன்' மாட்யூல்கள் இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்து, மீட்டரில் 9 வோல்ட் வைத்து, பேட்டரிக்கும் மோடமுக்கும் நடுவில் இணைத்தேன். மோடம் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. இரவு 10 மணிக்குள் வேலை முடிந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எமர்ஜென்சி விளக்கின் 6 வோல்ட் பேட்டரியும் காலியாக இருந்தது. இரண்டாவது மாட்யூலில் 7.3 வோல்ட் வைத்து, அதையும் சார்ஜுக்குப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

நள்ளிரவு தாண்டி அக்காவின் குரல். "டேய் தம்பி! எந்திரிடா, ஏதோ தீய்ஞ்ச வாசம் வருது!"

ஓடிப் பார்த்தால், மாட்யூல் கறுத்துக் கிடக்கிறது. அதற்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூல் உருகிப் பள்ளமாகியிருக்கிறது. அங்கிருந்து ஒரு முழம் தள்ளிப் பூண்டு மூட்டை! அக்கா எழுந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

ஒரே மாதிரியான இரண்டு மாட்யூல்கள். ஒன்று மோடமைக் குளிர்ச்சியாக ஓட்டியது. இன்னொன்று எரிந்தது. ஏன்? அதைத் தேடப் போனபோது கற்றுக்கொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கும் இது தேவைப்படும். உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இதே மாதிரி சர்க்யூட்டுகள் பல இருக்கின்றன.

ஸ்டெப் டவுன் என்றால் என்ன?

12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில், மிச்சம் உள்ள 7 வோல்ட்டைச் சூடாக எரித்துவிடுவார்கள். 2 ஆம்பியர் எடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது 10 வாட். வீணாகும் சூடு 14 வாட்! பயன்படுவதைவிட வீணாவது அதிகம்.

ஸ்விட்சிங் முறையில் இந்த வீண் மிகக் குறைவு. மின்சாரத்தைத் தடுத்து எரிப்பதற்குப் பதிலாக, ஒரு ஸ்விட்ச் அதை வேகவேகமாகத் திறந்து மூடுகிறது. விநாடிக்குப் பத்தாயிரக்கணக்கான முறை, சில சிப்புகளில் லட்சக்கணக்கான முறை! இப்படித் துண்டு துண்டாக வரும் மின்சாரத்தைச் சீராக்குவது ஒரு காயில். தையல் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். கால் மிதிப்பது விட்டு விட்டுத்தான். ஆனால் கனமான சக்கரம் இருப்பதால் ஊசி சீராக ஓடுகிறது. அந்தச் சக்கரத்தின் வேலையைத்தான் இங்கே காயில் செய்கிறது. ஸ்விட்ச் மூடியிருக்கும் நேரத்தில் காயிலின் மின்சாரம் சுற்றி வர ஒரு டையோடு வழிவிடுகிறது. கடைசியில் ஒரு கெபாசிட்டர், மிச்சமுள்ள ஏற்ற இறக்கத்தை நிரவிவிடுகிறது. இதற்கு 'பக் கன்வெர்ட்டர்' என்று பெயர்.

உங்கள் மதர்போர்டில் புராசசரைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகள் தெரிகிறதா? அவை இந்தக் காயில்கள்தான். எஸ்.எம்.பி.எஸ். கொடுக்கும் 12 வோல்ட்டை அவை புராசசருக்கு ஏற்ற 1 வோல்ட் அளவுக்குக் குறைக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். 65 வாட் புராசசர், 1.2 வோல்ட் என்றால், ஓடுவது 54 ஆம்பியர்! நம் வீட்டுப் பெரிய பிளக் பாயிண்ட்டே 15 அல்லது 16 ஆம்பியருக்குத்தான். அதனால்தான் ஒரே காயிலில் ஏற்றாமல் பல காயில்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

வோல்ட் கொடுப்பவர் கையில், ஆம்பியர் எடுப்பவர் கையில்

என் தவறு எங்கே என்பதற்கு விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது. மாட்யூலில் நாம் வைப்பது வோல்ட்டை மட்டும்தான். எத்தனை ஆம்பியர் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்வது இணைக்கப்படும் சாதனம்.

மோடம் ஒழுங்கான விருந்தாளி. 9 வோல்ட் கொடுத்தால் தனக்குத் தேவையான அரை ஆம்பியரை எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். ஆகவே 2 ஆம்பியர் அடாப்டரில் போட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. "அதிக ஆம்பியர் சார்ஜர் போட்டால் போன் எரிந்துவிடுமா?" என்று பலர் கேட்கிறார்கள். வோல்ட் சரியாக இருந்தால் எரியாது. அடாப்டரில் போட்டிருக்கும் ஆம்பியர் என்பது 'இவ்வளவு வரை என்னால் கொடுக்க முடியும்' என்ற அளவு. 'இவ்வளவைத் தள்ளுவேன்' என்பது அல்ல.

ஆனால் காலி பேட்டரி அப்படி இல்லை. எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவையும் இழுக்கும். எல்.இ.டி. விளக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான். வோல்ட் கொஞ்சம் கூடினாலே ஆம்பியர் பல மடங்கு எகிறும். ஒயர் ஷார்ட் ஆனால் கேட்கவே வேண்டாம்.

என் எமர்ஜென்சி விளக்குப் பேட்டரியை மறுநாள் சோதித்தபோது, உள்ளே இருந்த மூன்று செல்களில் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தது தெரிந்தது. மிச்சம் இரண்டு செல்கள்தான். எவ்வளவு நேரம் சார்ஜ் செய்தாலும் அது 5 வோல்ட்டைத் தாண்டப் போவதில்லை. மாட்யூலோ 7.3 வோல்ட்டைத் தொட வேண்டும் என்று இரவு முழுக்க முழு பலத்தோடு தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது!

அப்படியானால் மாட்யூலுக்குள் பாதுகாப்பு இல்லையா?

இருக்கிறது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். இத்தகைய மாட்யூல்களில் பரவலாகக் காணப்படும் எல்எம்2596 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 3 ஆம்பியர் தரவல்லது என்பது அதன் கணக்கு. ஆனால் அது மின்னோட்டத்தை வெட்டத் தொடங்கும் அளவு சாதாரணமாகச் சுமார் 4.5 ஆம்பியர். சிப்புக்குச் சிப் இது கூடலாம், குறையலாம். அதாவது, 3 ஆம்பியருக்கு மேல் போனாலும் அது உடனே தடுக்காது.

5 வோல்ட்டில் 4.5 ஆம்பியர் என்றால் 22 வாட்டுக்கு மேல். திறன் 80 சதவீதம் என்று வைத்தால், அந்தச் சின்ன போர்டில் 5 வாட்டுக்கு மேல் சூடு. சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றே 10 வாட்தான். அளவுக்கு மீறிச் சூடானால் சிப் தானே நின்று, ஆறியதும் மறுபடி ஓடும். சிப் தப்பித்துவிடும். பக்கத்தில் இருக்கும் காயிலுக்கும் டையோடுக்கும், அடியில் இருக்கும் ஸ்டூலுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எனவே சிப்பில் உள்ள லிமிட், சிப்பைக் காப்பாற்றுவதற்கு. நம் பேட்டரியைக் காப்பாற்றும் லிமிட்டை நாம்தான் வைக்க வேண்டும்.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மூன்று வழிகள்

1. ஒவ்வொரு துடிப்பிலும் வெட்டுவது: மின்சாரம் போகும் வழியில் மிகச் சிறிய ரெசிஸ்டர் ஒன்றை வைப்பார்கள். ஆம்பியர் ஏற ஏற அதன் இரு முனைகளுக்கு நடுவே வோல்ட் ஏறும். ஒரு எல்லையைத் தொட்டதும் ஸ்விட்ச் அந்தத் துடிப்பை அங்கேயே முடித்துவிடும். பல காலமாகப் புழக்கத்தில் உள்ள எம்சி34063 சிப்பில் இந்த எல்லை 0.3 வோல்ட். ஆகவே 0.3 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 1 ஆம்பியரில் வெட்டும். 0.2 ஓம் போட்டால் 1.5 ஆம்பியர். அதுவே அந்தச் சிப்பின் உச்சம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இது அளப்பது காயில் மின்னோட்டத்தின் உச்சியை. வெளியே நமக்குக் கிடைப்பது சராசரி. துடிப்பு பூஜ்யத்தில் தொடங்கி உச்சிக்குப் போய் மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கினால், சராசரி உச்சியில் பாதிதான். '1.5 ஆம்பியர் சிப் வாங்கினேன், முக்கால் ஆம்பியர்தான் வருகிறது' என்று கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள்!

இன்னொன்று, வெளியே முழு ஷார்ட் ஆகிவிட்டால், ஸ்விட்ச் மூடியிருக்கும் நேரத்தில் காயிலின் மின்னோட்டம் போதிய அளவு இறங்காது. அடுத்த துடிப்பு அதன் மேலேயே ஏறும். படிப்படியாக எகிறிவிடும். இதனால்தான் எல்எம்2596 போன்ற சிப்புகள், வெளியே வோல்ட் விழுந்துவிட்டால் துடிப்பின் வேகத்தையே குறைத்துக்கொள்கின்றன. காயிலுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது.

2. விட்டு விட்டு முயல்வது: அளவு மீறினால் மொத்தமாக நின்றுவிடும். சிறிது நேரம் கழித்து மறுபடி முயலும். கோளாறு இன்னும் இருந்தால் மறுபடி நிற்கும். இதற்கு 'ஹிக்கப்' என்று பெயர். நம் ஊர் விக்கல்தான்! சில அடாப்டர்களில் 'டிக்... டிக்...' என்று சத்தம் கேட்டு விளக்கு விட்டு விட்டு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அடாப்டர் பழுது என்று உடனே தூக்கிப் போடாதீர்கள். சாதனத்தைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். விளக்கு நிலையாக எரிந்தால் ஷார்ட் சாதனத்திலோ ஒயரிலோ இருக்கலாம்.

3. சொன்ன அளவில் நிறுத்திப் பிடிப்பது: இதுதான் எனக்குத் தேவைப்பட்டது. 'கான்ஸ்டன்ட் கரண்ட்', சுருக்கமாக சி.சி. இதில் மின்சாரம் வெட்டப்படுவதில்லை. நீங்கள் அரை ஆம்பியர் என்று வைத்தால், பேட்டரி எவ்வளவு இழுத்தாலும் அரை ஆம்பியர்தான் போகும். அதற்கு ஏற்ப வோல்ட் தானாக இறங்கிக்கொள்ளும். போர்டில் உள்ள சிறு ரெசிஸ்டரின் வோல்ட்டை ஓர் ஆப்-ஆம்ப் சிப் கவனித்து ஸ்விட்சுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். 0.05 ஓம் ரெசிஸ்டரில் 1 ஆம்பியர் ஓடினால் 50 மில்லிவோல்ட். இவ்வளவு சின்ன அளவே அதற்குப் போதும்.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? திருகும் பித்தளைத் தலை ஒன்று மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் வோல்ட்டுக்கு மட்டும். இரண்டு இருந்து, சி.வி., சி.சி. என்று இருந்தால் ஆம்பியரையும் வைக்கலாம். சில போர்டுகளில் மூன்றாவது ஒன்றும் இருக்கும். அது 'சார்ஜ் முடிந்தது' என்று காட்டும் விளக்குக்கு.

நான் இப்போது செய்வது

புதிய 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி வாங்கினேன். அதன் முதுகிலேயே எல்லாம் எழுதியிருக்கிறது! அடிக்கடி பயன்படுத்தினால் 7.25 முதல் 7.45 வோல்ட், எப்போதும் சார்ஜில் இருந்தால் 6.8 முதல் 6.9 வோல்ட், ஆரம்ப மின்னோட்டம் 1.35 ஆம்பியருக்குள். பழைய பேட்டரியிலும் இதேதான் எழுதியிருந்தது. கடைசி வரியை நான் படிக்கவில்லை, அவ்வளவுதான். நீங்களும் உங்கள் வீட்டு எமர்ஜென்சி விளக்கைத் திறந்து பாருங்கள்.

பிறகு சி.சி. உள்ள மாட்யூலை இப்படி அமைத்தேன்:

* முதலில் பேட்டரி பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 3 ஆம்பியர் ஃப்யூஸ். இன்வெர்ட்டர் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். அந்த ஒயரைக் காப்பாற்ற ஃப்யூஸைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

* வெளியே எதையும் இணைக்காமல், மீட்டரைப் பார்த்துக்கொண்டே 7.3 வோல்ட் வைத்தேன்.

* சி.சி. திருகைக் குறைந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். மீட்டரை 10 ஆம்பியர் அளவுக்கு மாற்றி, சிவப்பு ஒயரையும் 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மாட்யூலின் வெளியீட்டில் வைத்தேன். மெதுவாகத் திருகி 0.5 ஆம்பியரில் நிறுத்தினேன். சில நொடிகள் போதும். எச்சரிக்கை: சி.சி. வசதி உள்ள மாட்யூலில் மட்டுமே இப்படிச் செய்யலாம். சாதாரண மாட்யூலில் இது நேரடி ஷார்ட்!

* முடிந்ததும் மீட்டரின் சிவப்பு ஒயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டேன். மறந்து அடுத்து ஒரு பேட்டரியில் வைத்தால் மீட்டர் போய்விடும்.

* கடைசியாகத்தான் சார்ஜ் ஆக வேண்டிய பேட்டரியை இணைக்கிறேன். கழற்றும்போது முதலில் அதைத்தான் கழற்றுகிறேன். இல்லாவிட்டால் அந்தப் பேட்டரியின் மின்சாரம் மாட்யூலுக்குள் பின்னோக்கிப் பாயலாம்.

4.5 ஆம்பியர்-ஹவரை அரை ஆம்பியரில் நிரப்ப 9 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகட்டுமே! பேட்டரி நிறைய நிறைய வோல்ட் ஏறி 7.3-ஐத் தொடும். அதன் பிறகு ஆம்பியர் தானாகவே குறையும். அன்று இரவு இந்த அமைப்பு இருந்திருந்தால், ஷார்ட் ஆன அந்தப் பேட்டரிக்குள் 5 வோல்ட், 0.5 ஆம்பியர், அதாவது இரண்டரை வாட்தான் போயிருக்கும். போர்டு லேசாகச் சுட்டிருக்கும். அக்கா நிம்மதியாகத் தூங்கியிருப்பார். மாட்யூலையும் இப்போது பீங்கான் தட்டின் மேல்தான் வைக்கிறேன். மூட்டைகள் பக்கமே கொண்டுபோவதில்லை.

உங்கள் கம்ப்யூட்டரில் இதை எங்கே பார்க்கலாம்?

சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட், ஒரு சாதனத்தை அடையாளம் காணும் வரை 100 மில்லிஆம்பியரும், பிறகு 500 மில்லிஆம்பியர் வரையும் கொடுக்க வேண்டும் என்பது விதி. யுஎஸ்பி 3.0-வில் 900. வெளியே வைக்கும் ஹார்டு டிஸ்க் சுற்றத் தொடங்கும் நேரத்தில் இதைவிட அதிகம் கேட்கலாம். 'டக் டக்' என்று சத்தம் வந்து டிஸ்க் தெரியாமல் போனால், டிஸ்க் போய்விட்டது என்று பயப்படாமல் குட்டை ஒயர் போட்டு, கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் செருகிப் பாருங்கள். விண்டோஸ் 'பவர் சர்ஜ்' என்று யுஎஸ்பி போர்ட்டைப் பற்றிச் செய்தி காட்டினால், அந்த போர்ட்டில் அளவு மீறியது என்று அர்த்தம். கடைசியாகச் செருகியதைக் கழற்றுங்கள்.

பவர் பட்டனை அழுத்தியதும் ஃபேன் ஒரு முறை அசைந்து நின்றுவிடுகிறதா? எஸ்.எம்.பி.எஸ். எங்கோ ஷார்ட்டைக் கண்டு நின்றிருக்கலாம். மெயின் ஸ்விட்சை அணைத்துச் சிறிது நேரம் விட்டு, ஹார்டு டிஸ்க், கார்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள். ஒவ்வொரு முறை கழற்றும் முன்பும் மெயினை அணைக்க மறக்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். அதன் பெரிய கெபாசிட்டரில் அணைத்த பிறகும் 300 வோல்ட் அளவில் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பிளஸ், மைனஸ் பக்கம் மாறக் கூடாது. பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குறைத்துக் கொடுத்தால் எல்லோருக்கும் கிடைக்கும்

2012-ல் நம் மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தது நினைவிருக்கும். அந்த ஆண்டுகளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர் ஒரு யோசனை சொன்னார்கள். பற்றாக்குறை நேரத்தில் ஒரு பகுதியை முழுக்க இருட்டாக்காமல், ஒவ்வொரு வீட்டுக்கும் 48 வோல்ட் டி.சி.யில் சுமார் 100 வாட் மட்டும் கொடுத்தால் என்ன? விளக்கும் ஃபேனும் செல்போன் சார்ஜரும் ஓடும். ஆனால் ஒரு வீடு அளவு மீறி இழுத்தால் மற்ற வீடுகள் பாதிக்கப்படும். எனவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு லிமிட் இருந்தாக வேண்டும்.

எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு இது புதிதல்ல. தண்ணீர் குறைந்த வருடத்தில் மடையை அளந்து திறந்து, முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். முதல் வயல்காரர் முழு மடையையும் திறந்துகொண்டால் கடைமடைக்குச் சொட்டுக்கூட வராது.

அக்கா மகளுக்கு விரும்பிய பாடமே கிடைத்தது. எலக்ட்ரிகல்! ஊருக்குக் கிளம்பும் முன் அந்தக் கறுத்த மாட்யூலைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அக்கா மட்டும் இன்றுவரை, நான் எதையாவது சார்ஜுக்குப் போட்டால், "தம்பி, அளவு வச்சியாடா?" என்று கேட்காமல் படுக்கப் போவதில்லை.

நீங்களும் அடுத்த முறை எதையாவது இணைக்கும் முன் அந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.